எழுதிக் கொடுங்க, சார்

கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் திண்டாட்டம்தான். வக்கீல் என்றால் அவருடைய பாகப்பிரிவினை வழக்கு வெளியே வரும். டிஜிட்டல் உரிமை என்றால் "ஓ, கம்ப்யூட்டர் லைனா?" என்பார். இணையத்தில் மக்களின் தனியுரிமைக்காக வேலை பார்க்கிறேன் என்றால், போனை நீட்டி, "இதை யாராவது ஒட்டுக் கேக்குறாங்களான்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்பார். இருட்டறை, திரை நிறையப் பச்சை எழுத்து என்று சினிமா காட்டிய எதுவும் மதுரையில் இருக்கும் என் அலுவலகத்தில் கிடையாது. இருப்பதெல்லாம் மனுக்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய தகவல் உரிமை மனு, முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் சீல் குத்தி வாங்கிய நகல், தபால் ஒப்புகை அட்டை. பத்து வருடத்துக்கு மேல் இதில் இருந்த பிறகு சொல்கிறேன்: இந்தத் தொழிலில் பாதி வேலை, நம்மிடம் விவரம் கேட்பவரிடம் காரணம் கேட்பது. மீதிப் பாதி, அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்குவது.

நான் உள்ளே வந்தது 2015-இல். இந்த ஆப்புக்கு மட்டும் டேட்டா இலவசம், மற்றதற்குக் காசு என்று தொலைத்தொடர்பு கம்பெனிகள் விற்கலாமா என்று அவற்றின் ஒழுங்குமுறை அமைப்பான டிராய் மக்களிடம் கருத்துக் கேட்ட நேரம். அதுவரை இப்படிப்பட்ட கருத்துக்கேட்புக்குக் கம்பெனிகளும் சில நிபுணர்களும்தான் பதில் எழுதுவார்கள். அந்த முறை பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. ஜூனியர் வக்கீல்கள் சிலர் கோர்ட் கேன்டீனில் உட்கார்ந்து, விஷயத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, கல்லூரி கல்லூரியாகக் கொடுத்தோம். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், பாகுபாடான கட்டணம் கூடாது என்று ஒழுங்குமுறை கொண்டுவந்தது. நல்ல வெற்றி. ஆனால் இடையில் ஒன்று நடந்தது. வந்த மின்னஞ்சல்கள் அத்தனையையும், அனுப்பியவர்களின் முகவரியோடு சேர்த்து, டிராய் தன் இணையதளத்தில் ஏற்றிவிட்டது. வெளிப்படைத்தன்மையாம். விளம்பர மெயில் அனுப்பிப் பிழைப்பவனுக்கு அதைவிட நல்ல பட்டியல் தேடினாலும் கிடைக்காது.

ஏழு வருடம் கழித்து அப்படியே தலைகீழ். 2022-இல் மத்திய அரசு தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் புது வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இந்த முறை வந்த கருத்து எதையும் வெளியிட மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்ன கேட்டது, அதில் எது சட்டத்தில் ஏறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. முன்னதில் குடிமக்களின் முகவரி நடுத்தெருவில் கிடந்தது. பின்னதில் கம்பெனிகளின் கோரிக்கை பீரோவுக்குள் போனது. மூட வேண்டியதைத் திறப்பதும் திறக்க வேண்டியதை மூடுவதும்தான் நான் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்த்தது.

எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் ஒரு கிழவர் தந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012-இல், தன் 86-ஆம் வயதில், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2015-இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் எழுந்து, தனியுரிமை என்றொரு அடிப்படை உரிமையே நம் அரசியலமைப்பில் கிடையாது என்று வாதாடினார். 1954-ஆம் ஆண்டின் எம்.பி. சர்மா, 1962-ஆம் ஆண்டின் கரக் சிங் தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார். முதலாவது எட்டு நீதிபதிகள் சொன்னது. அதைத் தாண்ட ஒன்பது பேர் உட்கார வேண்டியிருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: தனியுரிமை 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கியது. 547 பக்கத் தீர்ப்பு. அதிலிருந்து எங்களுக்குத் தினமும் உதவுவது மூன்று கேள்விகள். கேட்பதற்குச் சட்டம் இருக்கிறதா? நியாயமான நோக்கம் இருக்கிறதா? அந்த நோக்கத்துக்கு இவ்வளவு கேட்கத்தான் வேண்டுமா? வகுப்பு எடுக்கும்போது 547 பக்கத்தையும் விட்டுவிட்டு இந்த மூன்றை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன்.

டெல்லியில் வந்த தீர்ப்பு தென்காசிப் பக்கம் ஒரு ரேஷன் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவராவது பீடி சுற்றுபவர். இலையைத் தண்ணீரில் நனைத்து, கத்தரியால் நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்யும் விரல்கள். சின்ன வயதிலிருந்து சுற்றியவர்களின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டிருக்கும். மெஷினுக்குப் பிடிபட அதில் ரேகையே இருக்காது.

நான் போன அன்று வரிசையில் ஓர் ஆச்சி. விற்பனையாளர் அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மெஷின்மேல் வைத்துப் பார்த்தார். ஆச்சி விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து நீட்டினார். சிவப்பு விளக்கு.

"ரேகை விழ மாட்டேங்கு ஆச்சி. நாளைக்கு வாங்க."

"நேத்தும் இதத்தானய்யா சொன்னீய. நாளைக்கு மட்டும் புது வெரலா மொளைக்கப் போவுது?"

விற்பனையாளர் கெட்டவர் இல்லை. அவருக்கும் சங்கடம்தான். "மெஷின் ஏத்துக்கிட்டாத்தான் மேடம் பில்லு விழும். நான் என்ன செய்யச் சொல்லுதீய?" என்றார். ரேகை பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த நகலைக் காட்டினேன். எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லையே என்றார். நான் வாதாடவில்லை. "சரி. ரேகை விழாததால இந்த மாசம் அரிசி தர முடியாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, சார். தேதி போட்டு, ஒரு கையெழுத்து" என்றேன்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. போனை எடுத்தார். வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டு வெளியே வந்தது. ஆச்சி அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு போனார். மறுப்பதற்குச் சட்டம் இல்லை என்று எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும். அதனால்தான் மறுப்பை வாயால் சொல்வார்கள், எழுத மாட்டார்கள். அடுத்த மாதம் அதே கடையில் அதே கதை. வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு, பதில் வராததால் நினைவூட்டல், பிறகு திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் என்று அலைந்த பிறகுதான் பதிவேடு மேஜைக்கு மேலே வந்து நிலைத்தது. அந்த ஆச்சி தனியுரிமை என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. விரலைக் கேட்டுவிட்டுச் சோற்றை மறுப்பது என்ன நியாயம் என்பதுதான் அவருடைய வழக்கு. புட்டசாமி வழக்கின் சாரமும் ஏறக்குறைய அதுதான். நலத்திட்டங்களுக்கு ஆதார் செல்லும், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னபோது, பிழைப்புக்கு ரேஷனை நம்பியிருப்பவர்கள்தான் மெஷினோடு விடப்பட்டார்கள்.

ஊரடங்குக் காலத்தில் வேறொரு கூட்டம் வரத் தொடங்கியது: கடன் ஆப்பில் மாட்டியவர்கள். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு தம்பி, வேலையில்லாத மாதத்தில் ஐயாயிரம் கேட்டான். பிடித்தம் போக மூவாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தது. ஏழு நாளில் முழு ஐயாயிரத்தையும் கட்ட வேண்டும். எட்டாம் நாள் அவன் படத்தை ஆபாசமாக ஒட்டி, "இவன் திருடன்" என்று எழுதி, அவன் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பத் தொடங்கினார்கள். "எங்க மாமனாருக்கே போயிருச்சுக்கா" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இந்த மாதிரி வழக்கில் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. பயத்தில் ஆப்பை முதலில் அழித்துவிடக் கூடாது. கடன் விவரம், வந்த மிரட்டல், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸில் போய் காண்டாக்ட்ஸ், கேமரா, போட்டோ அனுமதிகளை நிறுத்திவிட்டு ஆப்பை நீக்க வேண்டும். 1930 உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார், அதோடு தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிவு. அப்புறம்தான் கஷ்டமான வேலை: சொந்தக்காரர்களுக்கு முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்புவது. அந்தத் தம்பிக்காக நானே உட்கார்ந்து எழுதினேன்: "என் போன் விவரத்தை ஒரு மோசடி ஆப் திருடிவிட்டது. என் பெயரில் வரும் படம் பொய். யாரும் பணம் அனுப்ப வேண்டாம்." அவமானத்துக்குப் பயந்துதான் மக்கள் கட்டிக்கொண்டே இருப்பார்கள். விஷயத்தை நாமே சொல்லிவிட்டால் மிரட்டலில் பாதி போய்விடும்.

அந்தக் கேஸில் என்னை உறுத்திய விஷயம் வேறு. "அனுமதி" என்ற பொத்தானை அழுத்தியது அவன் ஒருவன். போனது மாமனார், முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார், தங்கையின் தோழி என்று நூற்றுக்கணக்கானவர்களின் எண். அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. சம்மதம் வாங்கிவிட்டோம் என்று கம்பெனிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மாமனார்தான் ஞாபகத்துக்கு வருவார். கடன் ஆப்கள் போனில் இருக்கும் எண்கள், படங்கள், அழைப்புப் பட்டியல் எதையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. எங்களைப் போன்ற பல ஊர்க்காரர்கள் சேர்த்துவைத்த புகார் நகல்களுக்கும் அதில் பங்குண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வகுப்பெடுக்கும்போது தவறாமல் ஒரு குரல் எழும்: "எங்ககிட்ட மறைக்க என்னம்மா இருக்கு?" முன்பெல்லாம் அரசியலமைப்பு, கண்ணியம் என்று நீட்டி முழக்குவேன். இப்போது திருப்பிக் கேட்கிறேன்: "உங்க ஆதார் ஜெராக்ஸ் இப்ப எத்தனை பேர்கிட்ட இருக்கு? எண்ணிச் சொல்லுங்க." காஸ் ஏஜென்சி, சிம் கடை, லாட்ஜ், நகைக்கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம், தவணைக்கு ஃபிரிட்ஜ் வாங்கிய கடை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள், ஒரு கட்டத்தில் விட்டுவிடுவார்கள். கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடுமாம். அந்த இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வகுப்பில் காட்டுவேன்.

அதற்கடுத்து நிலப் பத்திரத்துக்கு வருவேன். பத்திரப் பதிவில் விற்றவரும் வாங்கியவரும் கைரேகை வைக்கிறார்கள். அருகில் ஆதார் எண்ணும் இருக்கும். பல மாநிலங்களில் இந்தப் பத்திரங்கள் இணையத்தில் ஏறின. அதிலிருந்த ரேகையை எடுத்து, சிலிக்கானில் அச்சு வார்த்து, ஊர்ப்பக்கம் இருக்கும் மினி ஏடிஎம் மெஷினில் வைத்துப் பணம் எடுத்த கும்பல்களை ஆந்திரா, தெலங்கானா, ஹரியானா, கர்நாடகாவில் போலீஸ் பிடித்தது. ஆதார் வழிப் பணம் எடுப்பதற்கு எண், வங்கியின் பெயர், ரேகை இருந்தால் போதும், ஓடிபி கேட்காது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், பெருவிரலை எங்கே போய் மாற்றுவது என்று நான் கேட்பதற்கு முன்பே வகுப்பு அமைதியாகிவிடும். எம்-ஆதார் செயலியில் பயோமெட்ரிக் லாக் போடுவது எப்படி என்று அங்கேயே ஒவ்வொரு போனாக வாங்கிக் காட்டுவோம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். மறைக்க ஒன்றுமில்லை என்ற அம்மாதான் முதலில் போனை நீட்டுவார்.

இதே தொழிலின் இன்னொரு முகம், இணையம் இருப்பதற்கான சண்டை. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். 23-ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி பரவாமல் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்ற சேதியும் அதோடு நின்றது. அந்த வருடம்தான் பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக ஆன்லைனுக்கு மாறியிருந்தது. விண்ணப்பப் பதிவு நடந்துகொண்டிருந்த நேரம். களியக்காவிளையில் இருக்கும் பையன் விண்ணப்பம் போட முடியாமல் போனதற்கும் துப்பாக்கிச்சூடு நடந்த தூத்துக்குடிக் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கும் என்ன சம்பந்தம்? புட்டசாமி தீர்ப்பின் மூன்று கேள்வியில் மூன்றாவது இது.

ஆணையின் நகல் வேண்டும் என்பதுதான் அன்று எங்கள் முதல் கோரிக்கை. இணையத்தை நிறுத்த மாநில உள்துறைச் செயலர் எழுத்தில் ஆணையிட வேண்டும், ஐந்து வேலை நாளுக்குள் ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்று அப்போதிருந்த 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. ஆனால் அந்த ஆணையை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று அந்த விதிகளில் இருக்கவில்லை. காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் ஆணைகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்றது. 2024 நவம்பரில் வந்த புது விதிகளிலும் அது ஏறிவிட்டது. தாளைக் காட்டினால்தானே அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியும்.

நாங்கள் வாங்கிய தாள்களில் பெரும்பாலானவை தகவல் அறியும் உரிமைச் சட்டம் தந்தவை. இப்போது அதற்கே ஆபத்து வந்திருக்கிறது, அதுவும் தனியுரிமையின் பெயரால். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. முன்பு, பொதுப்பணியோடு சம்பந்தமில்லாத அந்தரங்கத் தகவலை மட்டும் மறுக்கலாம். பொதுநலன் பெரிது என்றால் அதையும் கொடுக்க வேண்டும். இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு மிச்சமிருக்கிறது. ஆனால் மனுப் போடுபவர்தான் அதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். நூறு நாள் வேலையில் யார் பெயரில் கூலி போனது, எந்த அதிகாரி எந்த ஆணையில் கையெழுத்திட்டார் என்பதெல்லாம் பெயர் இல்லாமல் எப்படித் தெரியும்? ஆச்சியின் விரலை மெஷினில் ஏற்றிக்கொண்டவர்கள், அந்த மெஷினைக் கொள்முதல் செய்தவரின் பெயரைக் கேட்டால் அவருடைய தனியுரிமை என்பார்கள். தனியுரிமைக்காரர்களான நாங்கள் இந்தத் திருத்தத்தை எதிர்ப்பதைப் பார்த்துச் சிலருக்கு வியப்பு. எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. கேட்கிறவன் கணக்குக் காட்ட வேண்டும், கொடுக்கிறவன் காட்ட வேண்டியதில்லை. பத்து வருடமாக ஒரே வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

புதுச் சட்டத்தில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில், அதாவது தமிழிலும், கேட்டு வாங்கலாம். கம்பெனிகளுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும்; பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் புதுச் சட்டம் எடுத்துவிடுகிறது. அரசு தான் விரும்பும் துறைக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம்.

சட்டக் கல்லூரியிலிருந்தும் இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்தும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், என்ன சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பார்கள். முதல் வாரம் அவர்களை ஊருக்குள் அனுப்புவேன். ஜவுளிக்கடை பில் கவுன்டர், ஸ்கேன் சென்டர், நீட் கோச்சிங் என்று ஏதாவது ஓர் இடம். "என் போன் நம்பர் எதுக்கு? எத்தனை நாள் வச்சிருப்பீங்க? யாருக்குக் கொடுப்பீங்க? எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வர வேண்டும். பில் போட போன் நம்பர் கட்டாயமில்லை என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-இலேயே சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பி வந்து ஒரே பதிலைச் சொல்வார்கள்: "நம்பர் இல்லாட்டியும் பரவாயில்லன்னு பில்லு போட்டுட்டாங்க மேடம்." அப்படியானால் அந்த நம்பர் அவர்களுக்குத் தேவையே இல்லை. அதைத் தேதியோடு குறித்து வைக்கச் சொல்வேன். சில இடங்களில் உண்மையாகவே பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் கோப்பில் போடுகிறோம். 2027-இல் புதுச் சட்டத்தின் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் புகார் அனுப்பும்போது வெறும் வாய்வார்த்தை நிற்காது. அன்றைக்கு இணைப்பாக வைக்க வேண்டிய தாள்களை இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.